டொஸின் பின்னணியில் ஒரு குட்டி டெர்மினல்: ரைஸ்மில் தராசைப் பழைய கணினியோடு இணைக்கும் முழு வழிகாட்டி

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலை என்று வைத்துக்கொள்வோம். பெரும்போக அறுவடை நேரம். வாசலில் லொறிகளும் மெசின்களும் வரிசையில் நிற்கின்றன. ஒபிஸுக்குள் ஒரு 386 கணினி, அதில் டொஸ் என்ற பழைய எழுத்துத்திரை இயங்குதளத்தில் ஓடும் பில் புரோகிராம், பக்கத்தில் டொட் மேட்ரிக்ஸ் பிரின்டர். தராசின் டிஸ்ப்ளே பெட்டிக்குப் பின்னால் ஒரு சீரியல் போர்ட் இருக்கிறது. நிறை அதன் வழியாக ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. கிளாக்கர் டிஸ்ப்ளேயைப் பார்த்துத் துண்டுக் கடதாசியில் எழுதி, அதைப் பார்த்துக் கணினியில் அடிக்கிறார். 4,860 கிலோ 4,680 ஆவது அந்த இடத்தில்தான். போடியார்மார் (பெரிய வயற்காரர்கள்) சண்டைக்கு வருவதும் அதனால்தான்.

"தம்பி, கொம்பியூட்டர மாத்துற கதை மட்டும் கதைக்காத. பில்லு அடிக்கிற வேலை ஒரு நாளும் நிக்கப்படா" என்று முதலாளி சொல்லிவிட்டார். பில் புரோகிராமின் மூலக்குறிமுறையும் யாரிடமும் இல்லை. அதற்குள் கை வைக்க முடியாது. வெளியே இருந்துதான் ஏதாவது செய்ய வேண்டும்.

டொஸ் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமைத்தான் ஓட்டும். ஆனால் ஒரு புரோகிராம் தன் வேலை முடிந்ததும் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அங்கேயே படுத்துக்கொள்ள டொஸே இடம் தருகிறது. இப்படிப்பட்ட புரோகிராம்களை டீஎஸ்ஆர் என்பார்கள். 1983இல் டொஸ் 2.0 உடன் வந்த பிரின்ட் கட்டளை இப்படித்தான் பின்னணியில் இருந்து அச்சடித்தது. 1984இல் போர்லண்ட் வெளியிட்ட சைட்கிக் இதே உத்தியில் எந்தப் புரோகிராமின் மேலும் கல்குலேட்டரையும் குறிப்பேட்டையும் திறந்து காட்டியது. நாம் செய்யப்போவதும் அந்த இனம்தான்.

டெர்மினல் என்பது போர்ட்டில் வருவதைக் காட்டி, தட்டுவதை அனுப்பும் புரோகிராம். கொம்1 என்ற முதல் சீரியல் போர்ட்டில் வருவதை அது பின்னணியில் வாங்கி வைக்க வேண்டும். ஆல்ட் விசையோடு டி (டெர்மினலின் T) அடித்தால் சின்ன ஜன்னல் திறந்து வந்த வரிகளைக் காட்ட வேண்டும்; தட்டும் எழுத்துகளைப் போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். என்டர் அடித்தால் கடைசி நிறையைப் பில்லின் கட்டத்துக்குள் தானே தட்டிவிட்டு மறைந்துபோக வேண்டும். அவ்வளவுதான்.

அசெம்ப்ளி (சிப்பின் கட்டளைகளை நேரே எழுதும் மொழி) ஓரளவு வாசிக்கத் தெரிந்தவருக்காக எழுதுகிறேன். வரிக்கு வரி குறிமுறை தராமல், எதை எந்த ஒழுங்கில் ஏன் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். எண்ணுக்குப் பின்னால் எச் வந்தால் அது பதினறும எண்; ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் அதில் இலக்கங்களே. இந்த வேலையில் சீரியல் போர்ட்டை ஒரு மாலையில் எழுதிவிடலாம். நேரம் தின்பது, எந்த நேரத்தில் எதைத் தொடக்கூடாது என்று புரோகிராமுக்குப் பழக்குவதுதான். அதனால் அங்கேதான் அதிகம் நிற்கப்போகிறேன்.

முதலில் சாமான்கள்

அசெம்ப்ளருக்கு நாஸ்ம் போதும், இலவசம். மாஸ்ம், டாஸ்ம் கையில் இருந்தாலும் சரி. கொம் வகைக் கோப்பாகச் செய்யுங்கள்: எல்லாம் ஒரே 64 கிலோபைட் செக்மென்டுக்குள், குறிமுறை 100எச்சில் தொடங்கும், செக்மென்ட் ரெஜிஸ்டர்கள் நான்கும் ஒரே இடத்தைக் காட்டும். சி மொழியிலும் டீஎஸ்ஆர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சி நூலகம் எப்போது டொஸைக் கூப்பிடுகிறது என்று நமக்குத் தெரியாமல் போய்விடும். டொஸைத் தொடக்கூடாத நேரத்தில் ஓடப்போகும் புரோகிராமுக்கு அது சரிவராது.

எழுதிப் பார்க்க டொஸ்பொக்ஸ் என்ற எமுலேட்டர் வசதி. அதன் அமைப்புக் கோப்பில் முதல் சீரியல் போர்ட்டை நல்மோடம் என்று வைத்தால், நெட்வர்க் வழியாக இன்னொரு புரோகிராமிலிருந்து எழுத்துகளை அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் டொஸ்பொக்ஸுக்குள் இருப்பது உண்மையான டொஸ் அல்ல, டொஸ் போல நடந்துகொள்ளும் ஒன்று. கீழே சொல்லப்போகும் நுணுக்கங்களை அங்கே சோதித்து முடிவெடுக்காதீர்கள். 86பொக்ஸ் போன்ற வன்பொருள் எமுலேட்டரில் ஃபிரீடொஸ் அல்லது எம்எஸ் டொஸ் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஆலைக் கணினி.

வயர் விஷயம் சுருக்கமாக. 9 ஊசிப் போர்ட்டில் 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 பூமி. பழைய 25 ஊசிப் போர்ட்டில் இது தலைகீழ்: 2 அனுப்புவது, 3 வாங்குவது, பூமி 7. தராசுப் பக்கத்து ஊசிகள் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், அதன் கையேட்டைப் பாருங்கள். கல்லடி, கல்முனை போன்ற கரையோரங்களில் இருப்பவர்கள் முதலில் ஊசிகளையே பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பிடித்த ஊசியால் வரும் கோளாறு அச்சொட்டாக மென்பொருள் கோளாறு மாதிரியே தெரியும்.

நினைவகத்தில் யார் எங்கே

தங்க வேண்டிய பகுதியை மேலே வையுங்கள், நிறுவும் பகுதியைக் கடைசியில். நிறுவி முடிந்ததும் கடைசிப் பகுதி போய்விடும். இன்டரப்ட் என்பது நடக்கும் வேலையை நிறுத்தி, அதற்கென்று வைத்த குறிமுறையை (கையாளியை) ஓடவைக்கும் அழைப்பு; டொஸை நாம் கூப்பிடுவதும் வன்பொருள் நம்மைக் கூப்பிடுவதும் இதன் வழியாகத்தான். தங்குவதற்கு டொஸின் இன்டரப்ட் 21எச்சை, ஏஎச் ரெஜிஸ்டரில் 31எச் வைத்துக் கூப்பிட வேண்டும். டிஎக்ஸ் ரெஜிஸ்டரில் எத்தனை பத்தி நினைவகம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒரு பத்தி 16 பைட். பழைய இன்டரப்ட் 27எச்சும் இதைச் செய்யும், ஆனால் 31எச் இருக்கும்போது அது தேவையில்லை.

கணக்குப் போடுவோம். குறிமுறை 2,048 பைட், வந்த எழுத்துகளை வைக்கும் வட்டப் பஃபர் 256, காட்டும் வரிகளுக்கு 600, ஜன்னலுக்கு அடியில் இருக்கும் திரையைச் சேமிக்க 62 நெடுவரிசை, 12 வரி, ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்று 1,488, சொந்த ஸ்டாக் 512. இவற்றோடு டொஸ் ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் வைக்கும் 256 பைட் முன்பகுதி, அதாவது பிஎஸ்பி. மொத்தம் 5,160. (ஐபிஎம் எக்ஸ்டியின் மாடல் எண்ணும் 5160தான். தற்செயல், ஆனால் மறக்காது.) 16ஆல் வகுத்து மேலே முழுமையாக்கினால் 323 பத்தி.

டொஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும் சூழல் மாறிகளின் பிரதி ஒன்றையும் தனியாகக் கொடுக்கிறது. நமக்கு அது வேண்டாம். பிஎஸ்பியில் 2சிஎச் இடத்தில் அதன் செக்மென்ட் இருக்கும். அதை ஈஎஸ்ஸில் வைத்து, அதே 21எச்சின் 49எச் அழைப்பால் விடுவியுங்கள். சின்ன இடம்தான். ஆனால் 640 கிலோபைட்டுக்குள் பில் புரோகிராமும் பிரின்டர் டிரைவரும் நெருக்கிக்கொண்டிருக்கும்போது விட்டுக்கொடுப்பது மரியாதை.

இன்னொரு பழைய உத்தி: பஃபர், ஸ்டாக் போன்ற வெற்றிடங்களைக் கோப்புக்குள் வைக்காமல், தங்கும் குறிமுறைக்கு அடுத்து, நிறுவும் குறிமுறை இருக்கும் அதே இடத்தின் மேல் வைப்பது. இடம் மிச்சம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. நிறுவும் குறிமுறை ஓடிக்கொண்டிருக்கும்போதே சீரியல் இன்டரப்டைத் திறந்துவிட்டால், தராசு அனுப்பும் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும் குறிமுறையின் மேலேயே எழுதப்படும். அதனால் "நிறுவியாயிற்று" என்ற செய்தியை முதலில் அச்சிடுங்கள். பிறகு இன்டரப்டுகளை மூடி, போர்ட்டைத் திறந்து, அடுத்த மூச்சில் 31எச் அழைப்புக்குப் போய்விடுங்கள். டொஸ் உள்ளே போய் இன்டரப்டுகளைத் திறக்கும் நேரத்தில் நம் நிறுவும் குறிமுறைக்கு வேலை முடிந்திருக்கும். அந்த அழைப்பிலிருந்து திரும்பி வருவதே இல்லையே.

சீரியல் போர்ட்

பயோஸின் (கணினியோடேயே வரும் அடிப்படை மென்பொருளின்) இன்டரப்ட் 14எச் வழியாகவும் போர்ட்டை வாசிக்கலாம். ஆனால் அது நாம் கேட்கும்போது மட்டும் பார்க்கும். பார்க்காத நேரத்தில் வந்தது போய்விடும். பின்னணி வேலைக்கு அது உதவாது. நேரே சிப்போடு பேச வேண்டும்.

முதல் பிசிகளில் சீரியல் போர்ட்டை நடத்தியது 8250 என்ற யூஆர்ட் சிப். கொம்1 என்றால் 3எஃப்8எச் முகவரி, ஐஆர்க்யூ (வன்பொருள் இன்டரப்ட் வயர்) 4, இன்டரப்ட் 0சிஎச். கொம்2 என்றால் 2எஃப்8எச், ஐஆர்க்யூ 3, இன்டரப்ட் 0பிஎச். கொம்1இல் மவுஸ் இருந்தால் தராசைக் கொம்2க்கு மாற்றுங்கள். முகவரியைக் குறிமுறையில் அடித்து வைக்காமல், பயோஸ் தரவுப் பகுதியான 40எச் செக்மென்டின் தொடக்கத்தில் இருக்கும் பட்டியலிலிருந்து எடுப்பது நல்லது.

வேகத்தை வைப்பது ஒரு வகுத்தல் கணக்கு. சிப்புக்கு 1.8432 மெகாஹேர்ட்ஸ் துடிப்பு போகிறது. 115,200ஐ வேண்டிய வேகத்தால் வகுத்த எண்ணைக் கொடுக்க வேண்டும்: 9600க்கு 12, 2400க்கு 48, 1200க்கு 96. கொடுக்கும் முன் வரிக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரின் மேல் பிட்டை ஏற்ற வேண்டும் (போர்ட்டின் தொடக்க முகவரியோடு 3 கூட்டிய இடம், இனி +3 என்பேன்; மதிப்பு 80எச்). பிறகு அதே ரெஜிஸ்டரில் வடிவத்தை எழுத வேண்டும்: 8 பிட், பரிட்டி (பிழை பிடிக்கும் கூடுதல் பிட்) இல்லை, ஒரு நிறுத்த பிட் என்றால் 03எச். தராசுகளில் 7 பிட், இரட்டைப் பரிட்டியும் அடிக்கடி வரும், அதற்கு 1ஏஎச். திரையில் பாதி எழுத்து சரியாகவும் பாதி கோணல் குறிகளாகவும் வந்தால், பெரும்பாலும் இந்த ஒரு எண்தான் காரணம்.

அடுத்தது மோடம் கட்டுப்பாடு (+4): 0பிஎச். இதில் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற "நான் தயார்" சைகைகளோடு அவுட்2 என்ற பிட்டும் இருக்கிறது. பிசியில் சிப்பின் இன்டரப்ட் வயர் அந்த அவுட்2 வழியாகத்தான் போகிறது. அதை ஏற்றாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் ஓர் இன்டரப்டும் வராது. வரி நிலை, மோடம் நிலை, வந்த எழுத்து ஆகிய ரெஜிஸ்டர்களை ஒருமுறை சும்மா வாசித்துப் பழைய மிச்சத்தைக் கழுவுங்கள். பிறகு +1இல் 01எச் எழுதினால் எழுத்து வரும்போது இன்டரப்ட் வரும். கடைசியாக 21எச் போர்ட்டில் இன்டரப்ட் கட்டுப்பாட்டுச் சிப்பின் முகமூடியை (எந்த ஐஆர்க்யூவைத் தடுப்பது என்ற குறிப்பை) வாசித்து, 4ஆம் பிட்டை மட்டும் இறக்கித் திரும்ப எழுதுங்கள். மற்ற பிட்களைத் தொட வேண்டாம், அவை வேறு ஆட்களுடையவை.

இன்டரப்ட் கையாளி செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

பயன்படுத்தும் ரெஜிஸ்டர்களைச் சேமி. டிஎஸ்ஸைச் சிஎஸ்ஸுக்குச் சமமாக்கு.
+2 முகவரியை வாசி. கீழ் பிட் 1 என்றால் இனி ஒன்றுமில்லை, முடிவுக்குப் போ.
+5இல் வரி நிலையை வாசி. 1ஆம் பிட் ஏறியிருந்தால் இழப்பு எண்ணியை ஒன்று கூட்டு.
0ஆம் பிட் ஏறியிருந்தால் எழுத்தை வாசித்துப் பஃபரில் போடு.
திரும்ப +2க்குப் போ.
முடிவு: 20எச் போர்ட்டுக்கு 20எச் அனுப்பு, ரெஜிஸ்டர்களை மீட்டு ஐரெட் (இன்டரப்டிலிருந்து திரும்பும் கட்டளை).

"திரும்ப +2க்குப் போ" என்ற வரியை வேகத்துக்காக யாரும் வெட்டிவிடாதீர்கள். பிசியின் இன்டரப்ட் கட்டுப்பாட்டுச் சிப் வயர் கீழிருந்து மேலே ஏறும் கணத்தை மட்டுமே கவனிக்கிறது. ஒரு கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது வெளியேறினால் வயர் மேலேயே நிற்கும், இனி ஏறாது. போர்ட் அத்தோடு செத்த மாதிரி. அறுவடைக் கூட்டத்தில் நாளுக்கொரு தடவை வந்து, கணினியை நிறுத்தித் திறந்தால் சரியாகும் கோளாறு பெரும்பாலும் இந்த வகைதான்.

பஃபரை 256 பைட் ஆக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சுட்டியை ஒரு பைட் ரெஜிஸ்டரில் வைத்தால் 255க்கு அடுத்தது தானாகவே 0. சுற்றுவதற்குத் தனிக் கணக்கு வேண்டாம். அது போதுமா? 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 பிட் என்றால் செக்கனுக்கு 960 எழுத்து. கணினியின் டைமர் செக்கனுக்கு 18.2 தரம், அதாவது ஏறத்தாழ 55 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அடிக்கிறது. ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையில் அதிகபட்சம் 53 எழுத்து வரும். டைமர் அடிக்கும்போதெல்லாம் பஃபரைக் காலி செய்து வரிகளாகப் பிரித்தால் 256 தாராளம்.

நிரம்பிவிட்டால் எதை எறிவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கோப்பு வாங்கும் டெர்மினல் என்றால் பழையதைக் காப்பாற்ற வேண்டும். தராசுக்கு அப்படியல்ல, லொறி ஏறி நின்ற பிறகு வந்த நிறைதான் முக்கியம். பழையதை எறியுங்கள்.

4.77 மெகாஹேர்ட்ஸ் 8088 இருந்த முதல் பிசியில்கூட 9600இல் ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 5,000 துடிப்பு கிடைக்கும். மேலே உள்ள கையாளிக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். ஆபத்து வேறு யாராவது இன்டரப்டுகளை நெடுநேரம் மூடி வைத்தால்தான். 8250இல் ஓர் எழுத்தை வாங்கி வைக்க மட்டுமே இடம். அடுத்தது முழுதாக வருவதற்குள் எடுக்காவிட்டால் முந்தியது போயிற்று. 16550ஏ சிப் இருந்தால் 16 எழுத்து வரிசையாக நிற்கும். +2இல் சி7எச் எழுதி, அதையே வாசித்து மேல் இரண்டு பிட்டும் ஏறியிருந்தால் அந்தச் சிப் இருக்கிறது என்று அர்த்தம்.

எப்போது தலையை நீட்டலாம்

இனித்தான் உண்மையான வேலை. ஆல்ட்+டியைப் பிடிக்க இன்டரப்ட் 09எச்சைக் கொக்கி போடுகிறோம்: 35எச் அழைப்பால் பழைய வெக்டரை (கையாளியின் முகவரியை) வாங்கி வைத்து, 25எச் அழைப்பால் நம்முடையதை வைப்பது. கையாளி 60எச் போர்ட்டை வாசிக்கும். டி விசையின் எண் 14எச்; ஆல்ட் அழுத்தப்பட்டதா என்பது பயோஸ் தரவுப் பகுதியில் 40எச் செக்மென்ட், 17எச் இடத்தில் 3ஆம் பிட். இரண்டும் பொருந்தாவிட்டால் பழைய கையாளிக்கு நேரே தாவிவிடுங்கள். பொருந்தினால் 61எச் போர்ட்டின் மேல் பிட்டை ஏற்றி இறக்கி விசைப்பலகைக்கு நன்றி சொல்லி, 20எச் அனுப்பி, "ஜன்னல் வேண்டும்" என்ற கொடியை மட்டும் ஏற்றிவிட்டு வெளியேறுங்கள். ஜன்னலை அங்கேயே திறக்க வேண்டாம். விசை அழுத்தப்பட்ட கணத்தில் கணினி எதன் நடுவில் இருந்தது என்று நமக்குத் தெரியாது.

டொஸை ஒரேயொரு லெட்ஜர் வைத்திருக்கும் கந்தோர்க் கிளாக்கராக நினையுங்கள். ஒருவருடைய கணக்கைப் பாதி எழுதியிருக்கும்போது இன்னொருவர் வந்து அதே பக்கத்தில் தன் கணக்கை எழுதச் சொன்னால், இரண்டும் பாழ். டொஸின் உள் ஸ்டாக்குகள் அப்படித்தான்: ஓர் அழைப்பு முடியும் முன் இன்னோர் அழைப்பு வந்தால் முதலாவதின் மேல் எழுதிவிடும். பில் கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்காக டொஸ் ஒரு கொடி வைத்திருக்கிறது, இன்டொஸ் என்று பெயர். 34எச் அழைப்பு அதன் முகவரியை ஈஎஸ், பிஎக்ஸில் தரும். நிறுவும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கொடி 0 என்றால் டொஸ் சும்மா இருக்கிறது. ஆனால் டொஸ் தன் கட்டளை வரியில் விசைக்காகக் காத்திருக்கும்போதும் கொடி ஏறித்தான் இருக்கும். அந்த நேரத்தில் அது இன்டரப்ட் 28எச்சைத் திரும்பத் திரும்ப அழைத்து "நான் சும்மாதான் இருக்கிறேன்" என்று காட்டும். அதைக் கொக்கி போட்டால் 0சிஎச்சுக்கு மேற்பட்ட அழைப்புகளை அங்கிருந்து செய்யலாம்.

இதையெல்லாம் சொன்ன பிறகு என் யோசனை: முதல் பதிப்பில் தங்கும் பகுதி டொஸைக் கூப்பிடவே வேண்டாம். திரைக்கு வீடியோ நினைவகம், விசைக்கு பயோஸின் இன்டரப்ட் 16எச், போர்ட்டுக்கு நேரடி வாசிப்பு. மூன்றிலும் டொஸ் இல்லை. நிறைகளைக் கோப்பில் எழுத ஆசை வரும். வந்தால் இன்டொஸ் மட்டும் போதாது. பிஎஸ்பியை 50எச்சால் மாற்றி, டிடிஏவை (டொஸ் தரவு போடும் இடத்தை) 1ஏஎச்சால் மாற்றி, டிஸ்க் பிழை வந்தால் டொஸ் அழைக்கும் இன்டரப்ட் 24எச்சுக்குச் சொந்தக் கையாளி வைத்து, முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பில் புரோகிராம் எப்படியும் நிறையைப் பில்லில் பதிகிறது. இரண்டாவது பதிவுக்காக இவ்வளவு ஆபத்து எதற்கு?

டொஸை விட்டாலும் பயோஸ் இருக்கிறது. டிஸ்க் வாசிப்பு நடக்கும்போது ஜன்னல் திறக்கக் கூடாது. டிஸ்க்குக்கான இன்டரப்ட் 13எச்சையும் திரைக்கான 10எச்சையும் கொக்கி போட்டு, உள்ளே போகும்போது எண்ணியைக் கூட்டி, பழைய கையாளியை அழைத்து, வெளியே வரும்போது குறையுங்கள். வெளியேறும்போது ஐரெட் போட வேண்டாம். 13எச் தன் பிழையைக் கேரி கொடியில் திருப்புகிறது. ஐரெட் போட்டால் பழைய கொடிகள் மீண்டு, டிஸ்க் பிழை நடந்ததே மறைந்துவிடும். ரெட்எஃப் 2 போடுங்கள், புதிய கொடிகள் தப்பும்.

கொடியைப் பார்த்து ஜன்னலைத் திறக்க ஏற்ற இடம் டைமர், இன்டரப்ட் 08எச். 1சிஎச் பயனருக்கென்றே விடப்பட்டது, அதையே எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பயோஸ் 1சிஎச்சை அழைப்பது, டைமர் இன்டரப்ட் முடிந்தது என்று கட்டுப்பாட்டுச் சிப்புக்குச் சொல்வதற்கு முன். டைமருக்கு எல்லாவற்றையும்விட முன்னுரிமை. அது முடியாதவரை விசைப்பலகையும் நம் ஐஆர்க்யூ 4உம் வாசலிலேயே நிற்கும். ஜன்னல் திறக்கும், ஆனால் எந்த விசையும் வேலை செய்யாது. 08எச்சைக் கொக்கி போட்டு, முதலில் பழைய கையாளியை முழுதாக ஓடவிட்டு, பிறகு நம் வேலையைத் தொடங்குங்கள்.

ஒழுங்கு இது: பஃபரைக் காலி செய்து வரி பிரிப்பது ஒவ்வோர் அடிக்கும் நடக்கும். பிறகு சோதனைகள்: ஜன்னல் கேட்கப்பட்டதா, ஏற்கெனவே திறந்திருக்கிறதா, 13எச், 10எச் எண்ணிகள் 0ஆ. 20எச் போர்ட்டுக்கு 0பிஎச் அனுப்பி அதே போர்ட்டை வாசித்தால் எந்த வன்பொருள் இன்டரப்ட் பாதியில் நிற்கிறது என்று தெரியும். அதுவும் 0 ஆக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கொடியை அப்படியே விட்டு வெளியேறுங்கள். 55 மில்லிசெக்கனில் இன்னொரு சந்தர்ப்பம் வரும். கிளாக்கர் தாமதத்தை உணரவே மாட்டார்.

எல்லாம் சரி என்றால் "திறந்திருக்கிறது" கொடியை ஏற்றி, எஸ்எஸ், எஸ்பி இரண்டையும் சேமித்து, சொந்த ஸ்டாக்குக்கு மாறுங்கள். முன்னால் ஓடும் புரோகிராமின் ஸ்டாக்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? எஸ்எஸ்ஸை மாற்றும் கட்டளைக்கு அடுத்த கட்டளை முடியும்வரை இன்டரப்ட் வராது என்பது விதி. ஆனால் மிகப் பழைய 8088 சிப்களில் அந்த விதியே பிழையாக இருந்தது. இன்டரப்டை மூடிவிட்டே மாற்றுங்கள், பிறகு திறவுங்கள். திறக்க மறந்தால் ஜன்னல் இருக்கும் நேரமெல்லாம் தராசு எழுத்துகள் வீணாகும்.

ஜன்னலும் பில் கட்டமும்

திரை நிலையை இன்டரப்ட் 10எச், 0எஃப்எச்சால் கேளுங்கள். 7 என்றால் வீடியோ நினைவகம் பி000எச் செக்மென்டில், 2 அல்லது 3 என்றால் பி800எச்சில். வேறு எண் வந்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ். ஒரு பீப் அடித்துவிட்டுத் திறக்காமல் போய்விடுங்கள். கர்சர் இடத்தை வாங்கி வையுங்கள், ஜன்னலுக்கு அடியில் உள்ளதைச் சேமியுங்கள், வரையுங்கள். மூடும்போது தலைகீழாக.

முதல் நாள் ஜன்னலில் எழுத்துகளைக் காட்டாமல், வரும் ஒவ்வொரு பைட்டையும் பதினறும எண்ணாகக் காட்டுங்கள். தராசு அனுப்பும் வடிவம் கொம்பனிக்குக் கொம்பனி வேறு: சில 02எச்சில் தொடங்கும், சில 0டிஎச், 0ஏஎச் என்று முடியும். நிறை அசைகிறதா நிலைத்ததா என்பதற்குப் பல தராசுகள் தனிக் குறி அனுப்பும். அந்தக் குறியைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். லொறியின் பின் சக்கரம் ஏறிக்கொண்டிருக்கும்போது கிளாக்கர் என்டர் அடித்தால் அந்த நிறை பில்லுக்குப் போகக் கூடாது. நிலைக்காத நிறையை வேறு நிறத்தில் காட்டி, என்டரைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

நிறையைப் பில்லுக்குள் போடும் வழி எளிது. 101 விசைப்பலகை வந்த பிறகான பயோஸ்களில் இன்டரப்ட் 16எச்சுக்கு 05எச் என்று ஓர் அழைப்பு உண்டு. சிஎல்லில் எழுத்து, சிஎச்சில் விசை எண் வைத்துக் கூப்பிட்டால், யாரோ விசையைத் தட்டிய மாதிரி பஃபரில் சேர்த்துவிடும். ஏஎல்லில் 0 வந்தால் சேர்ந்தது, 1 வந்தால் இடமில்லை. அந்தப் பஃபரில் 15 விசைதான் பிடிக்கும்; ஐந்து இலக்க நிறையும் ஒரு என்டரும் தாராளமாக அடங்கும். ஆனால் அந்தக் கடைசி என்டரை நான் சேர்க்க மாட்டேன். இலக்கங்கள் கட்டத்தில் விழட்டும். ஒருமுறை கண்ணால் பார்த்துக் கிளாக்கரே என்டர் அடிக்கட்டும். போடியாருக்குப் பதில் சொல்லப்போவது அவர்தானே. பழைய எக்ஸ்டி பயோஸில் 05எச் இல்லாவிட்டால் 40எச் செக்மென்டில் 1ஏஎச், 1சிஎச் இடங்களில் உள்ள தலை, வால் சுட்டிகளைப் பார்த்து நீங்களே பஃபரில் எழுதலாம், இன்டரப்டுகளை மூடிக்கொண்டு.

ஹொட்கீயைத் தேர்வதில் கவனம். பில் புரோகிராம் கிளிப்பர் என்ற டொஸ் காலத் தரவுத்தள மொழியில் எழுதப்பட்டதென்றால் ஆல்ட்+சி, ஆல்ட்+டி (D) இரண்டுக்கும் அங்கே வேலை இருக்கக்கூடும்: முதலாவது புரோகிராமை நிறுத்தும், மற்றது பிழை தேடும் டெபகருக்கானது. இங்கே நான் சொல்லும் டி டெர்மினலின் டி. அதன் விசை எண் 14எச். டெபகரின் டிக்கு 20எச். குழம்பி மாற்றி வைத்துவிடாதீர்கள்.

ஏற்றலும் இறக்கலும்

இரண்டு முறை ஏற்றினால் வெக்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகி, ஒரே போர்ட்டுக்கு இரண்டு பேர் அடிபடுவார்கள். ஏற்கெனவே இருக்கிறோமா என்று கேட்க இன்டரப்ட் 2எஃப்எச் இருக்கிறது. ஏஎச்சில் சி0எச் முதல் எஃப்எஃப்எச் வரை ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎல் 0 ஆக வந்தால் எஃப்எஃப்எச் என்று பதில் சொல்லுங்கள். அதே எண்ணை வேறொரு புரோகிராமும் எடுத்திருக்கலாம். அதனால் பதிலோடு நம் செக்மென்டையும் கொடுத்து, அங்கே ஒரு கையெழுத்துச் சொல்லையும் வைத்து ஒப்பிடுங்கள்.

இறக்கும்போது, நாம் கொக்கி போட்ட ஒவ்வொரு வெக்டரும் இன்னும் நம்மையே காட்டுகிறதா என்று பாருங்கள். நமக்குப் பிறகு வேறு யாராவது ஏறியிருந்தால் இறங்க மறுப்பதுதான் சரி. எல்லாம் நம்முடையது என்றால்: +1இல் 0 எழுதிப் போர்ட்டை மூடு, முகமூடியில் 4ஆம் பிட்டை ஏற்று, வெக்டர்களைத் திருப்பி வை, கடைசியில் 49எச்சால் நினைவகத்தை விடு. இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

386 உம் டொஸ் 5 உம் இருந்தால், ஹைமெம், ஈஎம்எம்386 என்ற நினைவக டிரைவர்களைப் போட்டு லோட்ஹை கட்டளையால் 640 கிலோபைட்டுக்கு மேலே ஏற்றிவிடலாம். மெம் கட்டளைக்கு சி சுவிட்ச் கொடுத்தால் எங்கே, எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும்.

ஆலைக்குக் கொண்டுபோகும் முன்

9 ஊசிப் போர்ட்டில் 2ஐயும் 3ஐயும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, ஜன்னலில் தட்டுவது திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பிறகு இன்னொரு கணினியிலிருந்து 9600இல் விடாமல் எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இந்தப் பக்கம் பெரிய கோப்பைப் பிரதி எடுங்கள், ஃபுளொப்பியை ஃபோர்மட் பண்ணுங்கள், பிரின்டரை ஓடவிடுங்கள். அதன் நடுவில் ஆல்ட்+டியைப் போட்டு அடியுங்கள். இழப்பு எண்ணியை ஜன்னலின் மூலையில் எப்போதும் காட்டச் சொன்னால் எந்த வேலையின்போது எழுத்து போகிறது என்று உடனே பிடிபடும். எண்ணி ஏறினால் வேகத்தைக் குறைப்பதில் வெட்கமில்லை. லொறி நிறைக்கு 1200 வேகமே மிச்சம்.

கடைசியாக வயர் நீளம். சீரியல் வயருக்கு ஏறத்தாழ 15 மீற்றர் என்பதே பழைய கணக்கு. தராசு முற்றத்தின் அந்தக் கோடியிலும் ஒபிஸ் இந்தக் கோடியிலும் இருந்தால் அதைத் தாண்டிவிடும். வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். தராசில் 20 மில்லிஅம்பியர் கரன்ட் லூப் அல்லது ஆர்எஸ்485 வெளியீடு இருந்தால், அதை எடுத்து ஒபிஸ் பக்கத்தில் மாற்றிக் கருவி ஒன்று போடுவது மேல். ஐப்பசி, கார்த்திகையில் இடி மழை தொடங்கினால் முற்றத்தைக் கடந்து வரும் வயர் மின்னலுக்கு நல்ல வழி. பின்னேரம் ஒபிஸைப் பூட்டும்போது கணினிப் பக்கக் கனெக்டரைக் கழற்றிவைக்கக் கிளாக்கருக்குச் சொல்லுங்கள். காலையில் திரும்பக் கொழுவ மறந்தால் ஜன்னலில் வரி எதுவும் வராது. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் லொறிக்கே உங்களுக்குக் கோல் வரும்.